வேலியோரத்து மேடுகள்

போன ஞாயிறு கூலாய் ஊர்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்து இடுகாட்டுக்குப் போயிருந்தேன். சாவுக்கு இல்லை — அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் கவிதாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க!

கவிதா யுனிவர்சிட்டியில் வரலாறு படித்தவள். ‘வரலாறு படிச்சா வாத்தியார் வேலைதானே?’ என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை. கூப்பிட்டது ஒரு வீடமைப்பு நிறுவனம். தோட்டம் போய் டெரஸ் வரிசை வீடுகள் வரப்போகின்றன. அங்கே புதைக்கப்பட்டவர்கள் யார், குடும்பம் இப்போது எங்கே என்று இவள் கண்டுபிடிக்க வேண்டும். அடையாளம் தெரிந்தால் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். தெரியாதவர்களுக்கெல்லாம் வேறு இடத்தில் ஒரே குழி.

நன்றாகத்தான் செய்தாள்... ஒன்றைத் தவிர.

இடம் முழுக்கப் புதர். அளக்கவும் படம் எடுக்கவும் வழியில்லை. கோயில் இளைஞர்களைக் கூப்பிட்டு கோத்தோங் ரோயோங் — எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு — போட்டாள். பையன்கள் ஒரே காலையில் மொத்தத்தையும் மொட்டையடித்துவிட்டார்கள். பிறகு நாசி லெமாக் சாப்பாடு, செல்பி.

வெட்டியது புதரை மட்டுமா? அந்தத் தோட்டத்தில் கைக்குழந்தைக்கு யார் கல் வைத்தார்கள்? மண்ணை மேடாக்கி, தலைமாட்டில் ஒரு குரோட்டன்ஸ் கிளையை நட்டுவிட்டு வருவார்கள். வீட்டுக்கு ஒரு நிறம். அதுதான் அடையாளம்.

நான் சாப்பாட்டுப் பையோடு நிற்கும்போதே முன்பு இந்தத் தோட்டத்தில் இருந்த சரோஜா அக்கா, மூவாரிலிருந்து மகனின் காரில் வந்து இறங்கினார். கையில் பால் பாக்கெட். அவருடைய முதல் குழந்தை, பெயர் வைக்கும் முன்பே காய்ச்சலில் போன பெண், இங்கேதான் இருக்கிறாள். இப்போது கணவரும் போய்விட்டார். பச்சைக் குழந்தைக்கு எலும்புகூட மிஞ்சாது. அந்த மேட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து கணவரின் சமாதிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அக்காவின் ஆசை.

வேலியோரம் சின்னச் சின்ன மேடுகள். எல்லாம் ஒன்றுபோல.

“செகப்பு குரோட்டன்ஸ்மா... மஞ்சப் புள்ளி இருக்கும். எங்க?” அக்கா கவிதாவைக் கேட்டார்.

“வெட்டிட்டாங்க ஆன்ட்டி. நான்தான் வெட்டச் சொன்னேன்... எனக்குத் தெரியாது ஆன்ட்டி.”

“அலமாக்... ஐயோ, யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

எனக்குக் கோபம் பொங்கியது. யார் மேல்? வெட்டியவர்கள் நம் பிள்ளைகள். வெட்டச் சொன்னது நம் பெண். ஊர் உலக வரலாறெல்லாம் படிக்க அனுப்பினோம் — நம் கதையை வீட்டில் ஒருவராவது அவளுக்குச் சொன்னோமா?

அக்கா மேடுகள் பக்கம் நடந்தார். பாக்கெட்டைக் கிழித்து முதல் மேட்டில் கொஞ்சம் பால் ஊற்றினார். அடுத்ததில் கொஞ்சம். அதற்கடுத்ததில்... வரிசை பாதிகூட முடியவில்லை, பால் தீர்ந்துவிட்டது.

“எதுல படுத்திருக்கான்னு தெரியல. எதையும் விட முடியாதுல்ல... இன்னும் பால் வாங்கிட்டு வாம்மா.”

பட்டம் வாங்கிய பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் வாங்க ஓடினாள்.