செண்பகனூர்ச் சுவருக்கு எழுதிய கொட்டேஷன்

பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, காய்கறிக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் சிமெண்ட் தூசி படிந்த குடைகள். என் கணவர் கட்டட கான்ட்ராக்டர். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மகள் கல்லூரிக்குப் போன வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு அவருக்கு உதவியாக வந்தேன்.

வந்த நேரம் சரியில்லை. கீழேயிருந்து ஒரு பெரிய கம்பெனி மலையேறி வந்திருந்தது. கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் காட்டினார்கள். நாங்கள் கேட்ட மூன்று வேலைகளும் அடுத்தடுத்து அவர்களுக்கே போயின. எங்களோடு வெகுகாலம் இருந்த மேஸ்திரி ஒருநாள் வெள்ளனே வந்து நின்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது.

“ஐயா, அந்தக் கம்பெனியில கூப்பிடுறாங்க. புள்ளைகளப் பாக்க வேணும்.”

கணவர் பதில் சொல்லுமுன் நான்தான், “இந்த மழை முடியிற மட்டும் பொறுங்கண்ணே” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

அந்த வாரமே செண்பகனூரில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மைதானத்துக்கு மேல்புறம் மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளியிருந்தது. முழுவதும் இடித்துக் கட்ட விலை கேட்டார்கள். பெரிய கம்பெனி முன்பே கொடுத்துவிட்டதாம். தூறலில் குடை பிடித்தபடி கணவர் சுவர் நெடுகத் தடவிக்கொண்டே நடந்தார்.

“சுவத்துல கோளாறு இல்ல. தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் மண்ணடைச்சுக் கெடக்கு. தண்ணி போக வழியில்லாம பின்னால நின்னு முட்டுது. தள்ளுன எடத்த மட்டும் பிரிச்சுக் கட்டுனாப் போதும்” என்று என்னிடம் பேசிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து கொட்டேஷன் எழுத உட்கார்ந்தோம். வழக்கம்போல ஒரே வரியும், அவர்கள் கேட்டபடி முழுச் சுவருக்கும் விலையும் சொன்னார்.

“ஏங்க, அங்க நின்னு அவ்வளவு சொன்னீங்க. அத எழுத வேண்டாமா?”

“அதெல்லாம் யாரு படிப்பா?”

“நான் ஸ்கூல் ஆபீஸ்ல எத்தன கொட்டேஷன் பிரிச்சிருக்கேன்! எல்லாத்துலயும் விலைதான் இருக்கும். ஏன்னு ஒண்ணுலயும் இருக்காது.”

“எழுதுனா வேலை சின்னதாப் போயிரும். மேஸ்திரிக்கு ஒரு மாசச் சோலிகூடத் தேறாது.”

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, “சரி, உள்ளத எழுது” என்றார். இரண்டு பக்கம் வந்தது. போனில் எடுத்த படங்களில் அம்புக்குறி போட்டேன். பரீட்சை நாட்களில் கல் உடைக்க மாட்டோம் என்றும் சேர்த்தேன்.

பொறுப்பிலிருந்த சிஸ்டர் அதை எங்கள் முன்னாலேயே இரண்டு முறை படித்தார். “மத்தவங்கல்லாம் இடிக்கணுங்கிறாங்க. நீங்க மட்டும் வேணாங்கிறீங்க. எனக்குக் காட்டுங்க” என்று எழுந்துவிட்டார்.

மேஸ்திரியை வரவழைத்தோம். கணவர் காட்டிய ஓட்டையில் அவர் கடப்பாரையை விட்டுக் குத்தினார். ஒன்றும் வரவில்லை. அடுத்ததிலும் வெறும் மண். மூன்றாவதில், செம்மண் தண்ணீர் குபீரென்று பீய்ச்சி அடித்துக் கணவரின் சட்டை வரைக்கும் நனைத்தது. வராந்தாவில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். சிஸ்டரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை எங்களுக்கு வந்தது. மேஸ்திரி அந்தக் கம்பெனிக்குப் போகவே இல்லை.

சின்ன வேலைதான். ஆனால் அடுத்த மழையில் சுவர் அசையவில்லை என்றதும் விடுதிக் கூரையையும் எங்களிடமே கொடுத்தார்கள். சிஸ்டர் சொல்லி வேறு இரண்டு பள்ளிகள் வந்தன. பெரிய காட்டேஜ் வேலைகள் இன்றும் அந்தக் கம்பெனிக்குத்தான் போகின்றன. நாங்களும் நிற்கிறோம்.

இப்போது எழுதுவதெல்லாம் மகள். லேப்டாப்பில் வெரசாக முடித்துவிடுகிறாள். அவருக்கு முழங்கால் வலி, சரிவில் இறங்குவதில்லை. எனக்குத்தான் அந்தச் சாயங்காலங்கள் நினைவில் வந்துகொண்டே இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். மடியில் கம்பளியைப் போட்டு நான் டைப் செய்வேன். அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து, “இப்ப வாசி பாப்போம்” என்பார். அதுவரை வீட்டில் தன் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், ஒரு மலைச்சரிவைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு என்னென்ன தெரிகிறது என்பதை அப்போதுதான் அறிந்துகொண்டேன்.