உடைத்துப் பார்த்த உத்திரம்

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை எத்தனையோ கண்ணாடிக் கூரைகள். எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கிறார்கள், நான் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறேன். "என்னா தங்கச்சி, மழை வருதா?" என்று நாசி லெமாக் விற்கும் அக்கா தினமும் கேட்பார். "இல்லக்கா, உத்திரம் பாக்குறேன்" என்பேன். "அது எங்கயும் ஓடாது லா, சாப்பிட்டுப் போங்க" என்று சிரிப்பார். ஓடாதுதான். விழும். அதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கிள்ளானில் ஒரு மண்டபத்தின் வாசல் கூரையைக் கண்ணாடி உத்திரங்கள் தாங்கப்போகின்றன. இரும்பு வளைந்து எச்சரிக்கும். கண்ணாடி சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதனால் மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டி, அடிவிளிம்பில் எஃகுப் பட்டை ஒன்றைப் பசையால் ஒட்டுகிறோம். கண்ணாடி விரிசல் விட்டாலும் பட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும், கீழே நிற்பவர்கள் தப்பிக்க அவகாசம் வேண்டும். பிடிக்கிறதா என்று அறிய, ஓர் உத்திரத்தை வேண்டுமென்றே உடைத்துப் பாரம் ஏற்றச் சொன்னேன்.

என் மேலாளர் டேனியல் பிரிக்பீல்ட்ஸின் பழைய ரயில்வே குடும்பத்துக்காரர், நல்ல மனிதர்தான். "கணக்கு ஓகே தானே? டெஸ்ட் வேணாம் லா. திறப்பு விழாவுக்கு முன்ன கண்ணாடிய ஒடச்சா ஆகாதுன்னு கஸ்டமர் சொல்றாரு."

"தேங்கா ஒடச்சா மட்டும் ஆகுமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் ஒங்க வேலை பெர்மிட் ரினியூ. லெட்டர் நான்தான் குடுக்கணும். பார்த்து நடந்துக்குங்க."

திருச்சியில், என் முதல் வேலையில், ஒரு கடை முகப்புக்காக, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம்" என்றார்கள். பண்ணிக்கொண்டேன். அந்தக் கடையின் முகப்புக் கண்ணாடி சரிந்து, வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு கை போயிற்று. வரைபடத்தில் இருந்தது என் கையெழுத்து. கடல் தாண்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கே ‘அட்ஜஸ்ட்’, இங்கே ‘வேணாம் லா’. ஊர் மாறி என்ன, நானல்லவா மாற வேண்டும்!

"முடியாது சார். ஒடைக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். பெர்மிட் போனா போகட்டும்."

என் கையெழுத்தில்லாமல் கூரை ஏறாது என்பதால் டேனியல் அரை மனதோடு ஒத்துக்கொண்டு கூடவே வந்தார். உத்திரம் செய்யும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் சுத்தியலை நானே கையில் எடுத்தேன். மூன்று கண்ணாடிகளும் விரிசல் விட்டன, உத்திரம் நின்றது. மணல்மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். நான் கணக்கிட்ட பாரத்தில் பாதிகூட ஏறவில்லை, பட்டை உரிந்து, உத்திரம் படாரென்று தரையில் விழுந்தது. டேனியல் பட்டையை எடுத்துத் திருப்பினார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமலே ஒட்டியிருந்தார்கள். பாதி நீளத்துக்குப் பசை பிடிக்கவே இல்லை.

"ஐயோ… கீழ ஆளுங்க நின்னிருந்தா?"

"அதுக்குத்தான் சார் ஒடச்சேன்."

திறப்பு விழா தள்ளிப்போய்விட்டது, மண்டபக்காரர் கொதிக்கிறார். என் பெர்மிட் கடிதம் இன்னும் டேனியலின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. "வந்துடுடி, இங்க வேலையா இல்ல?" என்கிறாள் அம்மா. பெட்டியில் பாதித் துணிகளை அடுக்கிவிட்டேன். சுத்தியலை மட்டும் இன்னும் உள்ளே வைக்கவில்லை. வியாழக்கிழமை புது உத்திரம் வருகிறது.