ஓவனுக்குப் போகவேண்டிய பரங்கிக்காய்

கோபம் இன்னும் அடங்கல. அப்படியே டைப் பண்றேன்.

சாயந்திரம் எங்க பிளாக் லேடீஸ் எல்லாம் சேர்ந்து சாப்பிடறோம். ஆளுக்கு ஒரு டிஷ். போன தடவை, "சைவத்துல என்ன இருக்கு, திரும்பவும் உருளைக்கிழங்கு வறுவல்தானே?"ன்னு என்னைக் கேட்டாங்க.

அந்த ரோஷத்துலதான் இன்னிக்கு முழு பரங்கிக்காய். மேல மூடி மாதிரி வெட்டி, உள்ள குடைஞ்சு, பனீர், ராஜ்மா, முந்திரி எல்லாம் அடைச்சு, டூத்பிக் குத்தி மூடி வெச்சேன். ஓவனைச் சூடு பண்ணப் போட்டுட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தா டேபிள்ல தட்டு மட்டும் இருக்கு.

எதிர் குவார்ட்டர்ஸ்ல புது காருக்குப் பூஜை. பூசணிக்காய் வாங்க மறந்துட்டாங்களாம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சு வந்த என் வீட்டுக்காரர், "எங்க வீட்ல வெட்டி ரெடியா இருக்கு, எடுத்துக்கோங்க"ன்னு தூக்கிக் குடுத்திருக்காரு!

வாசலுக்கு ஓடுனேன். கற்பூரம் ஏத்தி, காரைச் சுத்தி, ரோட்டுல போட்டு உடைச்சே முடிச்சிட்டாங்க. பனீரும் முந்திரியும் தார் ரோட்டுல கிடக்கு. கார்க்காரம்மா, "குங்குமத்துக்குப் பதிலா உள்ள என்னங்க இது?"ன்னு கேக்கறாங்க.

"திருஷ்டிக்கு வெள்ளைப் பூசணின்னு கூடவா தெரியாது?"ன்னு இவர்கிட்ட கத்துனேன்.

"சமையலுக்குன்னா துண்டு துண்டால்ல வெட்டுவாங்க? மூடி வெட்டியிருந்தா நான் என்ன நினைக்கிறது?"ங்கறாரு.

வீட்டுல இன்னொரு பரங்கிக்காய் இருக்கு. ஓவனும் சூடாத்தான் இருக்கு.

அதை ஓவன்ல வைக்கவா, இவரைச் சுத்தி உடைக்கவா? சீக்கிரம் சொல்லுங்க.