மூக்கருக்குச் சளி பிடித்த வெள்ளிக்கிழமை

ஏலக்கூடத்தில் அவரை எல்லாரும் மூக்கர் என்றுதான் அழைப்பார்கள். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். பழைய சுருட்டுகளை முகர்ந்து பார்த்து, எந்த ஆலையில் உருட்டியது, எந்த ஆண்டு, இத்தனை காலம் எப்படி வைத்திருந்தார்கள் என்று ஓர் அட்டையில் எழுதித் தருவது அவர் வேலை. முப்பத்தோரு ஆண்டுகளில் அந்த அட்டையை ஒருவரும் மறுத்ததில்லை. அட்டை இல்லாவிட்டால் எவ்வளவு வயதான சுருட்டும் வெறும் காய்ந்த இலை. அட்டை வந்துவிட்டால் அதே இலையைத் தொடுவதற்குக் கையுறை போடுவார்கள்.

இத்தனைக்கும் அவர் வீட்டில் ஒருநாளும் புகைத்ததில்லை. மாலையில் வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்விட வேண்டும். சட்டை வாளிக்குள் போன பிறகுதான் மனைவி தட்டு வைப்பாள். அந்தப் பேர்பெற்ற மூக்கும் வீட்டு வாசலைத் தாண்டியதும் விடுப்பு எடுத்துக்கொள்ளும். அடுப்பில் பால் தீய்ந்து, புகை கூடத்துக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிச் சொல்லும்போதுகூட மூக்கர் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார்.

"உங்க மூக்குக்கு ஆபீஸ்ல மட்டும்தான் உசிரு வருமா?" என்பாள் மனைவி.

"அங்கதான் சம்பளம் தர்றாங்க" என்பார் அவர்.

அவர் பணி ஓய்வுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தபோது அந்தப் பெட்டி வந்தது.

காகித வளையம், ஆலை முத்திரை எதுவும் இல்லாமல் வரும் சுருட்டுகளுக்குக் கூடத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். விற்பவர் பெட்டியிலிருந்து ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பலி என்று பெயர். மூக்கர் பலியைப் பற்றவைத்துப் பாதிவரை புகைத்துப் பார்ப்பார். பெட்டி யாருடையது என்பதை அவருக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். மறுநாள் மாலைக்குள் அட்டை மேலாளர் கைக்குப் போய்விட வேண்டும்.

வியாழக்கிழமை பிற்பகல், ஜன்னல் அடைத்த சிறிய அறையில், வெள்ளைத் தட்டும் ஒரு குவளைத் தண்ணீரும் பூதக்கண்ணாடியுமாக அவர் உட்கார்ந்தார். மேலாளர் அம்மாள் கதவோரம் கைக்குட்டையோடு நின்றாள். சுருட்டுப் பிரிவைக் கட்டி மேய்க்கும் அவளுக்குப் புகையென்றாலே ஆகாது.

"யாரோட சரக்கு மேடம்?"

"நான் இங்க சேர்ந்த நாள்லேர்ந்து கேக்குறீங்க. ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா?"

"இன்னும் பன்னிரண்டு நாள்தானே. பாவம்னு வாய் தவறிச் சொல்லமாட்டீங்களான்னு பார்த்தேன்."

பெட்டி புதியது. உள்ளே இருந்தவை பழையவை. மூக்கர் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். எண்ணெய் வற்றாத மேலிலை. அது தலைப்பக்கம் நோக்கிச் சுற்றிய விதத்தைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். வழக்கமான சுருட்டுகளில் இலை எந்தப் பக்கம் சுற்றுமோ, அதற்கு நேர் எதிராக இது சுற்றியிருந்தது. இடதுகைக்காரர் உருட்டியது. இடதுகைக்காரர்களை வைத்து உருட்டியது இரட்டை நங்கூரம் என்ற ஓர் ஆலைதான். அதுவும் மூடுவதற்கு முந்தைய ஒரே ஓர் ஆண்டு. அந்த ஆண்டின் சரக்கு எங்குமே மிச்சமில்லை என்பது தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி.

பற்றவைத்தார். முதல் அங்குலத்தில் பழைய புத்தக அட்டையும் வறுத்த கொட்டையும் வந்தன. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. சந்தேகமே இல்லை. எந்தச் சுருட்டு மதிப்பீட்டாளரும் தன் கடைசி மாதத்தில் எழுதக் கனவு காணும் அட்டை, அவர் நாக்கின் நுனியில் எழுதி முடித்தே இருந்தது.

இரண்டாவது அங்குலத்தில், நாக்கின் இடது ஓரத்தில், ஒரு புளிப்பு வந்தது. ஆப்பிள். அதன் பின்னாலேயே, மெலிதாக, பிராந்தி.

மூக்கர் இருமினார். அந்த அறையில் அவர் இருமி யாரும் பார்த்ததில்லை.

"என்னாச்சு சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். தண்ணி."

தன் காசு போட்டு மூக்கர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சுருட்டு வாங்கியிருக்கிறார், அதுவும் பாதிக் காசு. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கப்பல் சமையல்காரர் அதே ஆண்டின் இரட்டை நங்கூரம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தபோது, மனைவியின் ஒரே தம்பியும் அவரும் சேர்ந்து வாங்கினார்கள். இருபத்தைந்து சுருட்டுகள். மூக்கர் ஓய்வு பெறும் நாளில் இருவருமாகப் பெட்டியைத் திறந்து முதல் சுருட்டைப் பிடிப்பதென்று பேச்சு. மைத்துனன் சிகரெட்டே குடிக்காதவன். ஆனால் அத்தான் சொன்னால் எதற்கும் தலையாட்டுவான். அதனாலேயே மூக்கர் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தார்.

பெட்டியை எங்கே வைப்பது? சொந்த வீட்டில் மனைவி விடமாட்டாள். மைத்துனனோ பூட்டுக்கடைக்காரன். இரும்பு அலமாரி விற்பவன் வீட்டை விடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா?

அப்போது மூக்கருக்கு முகரத் தெரியும், பாதுகாக்கத் தெரியாது. இலை காயாமல் இருக்கட்டுமென்று ஓர் ஆப்பிள் துண்டை நறுக்கிப் பெட்டி மூலையில் வைத்தார். இரண்டு மாதத்தில் அந்த மூலை பூசணம் பூத்துவிட்டது. ஒரு சுருட்டைத் தூக்கிப் போட்டார்கள். மற்றவற்றைப் பிராந்தியில் நனைத்த துணியால் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடைத்தார்கள். "இந்தக் கதை வெளிய போச்சுன்னா என் பொழைப்பு நாறிடும் மாப்ள" என்றார் மூக்கர். மைத்துனன் தலையாட்டினான். மிச்சம் இருபத்து நான்கு.

மேலாளர் அம்மாளிடம் கேட்டார்: "மொத்தம் எத்தனை மேடம் வந்தது?"

"பலியோட சேர்த்து இருபத்து நாலு. ஏன், ஒண்ணு குறையுதா?"

"இல்ல. கணக்கு சரியா இருக்கு."

ஆனாலும் அவர் நம்பவில்லை. நம்பக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டார் என்பதே சரி. ஏனென்றால் அந்தப் பெட்டி இறந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. ஒரு நாள் காலை மைத்துனன் கண் சிவக்க வந்து நின்றான். "வண்டு விழுந்துடுச்சு அத்தான். ஒண்ணு பாக்கியில்ல, எல்லாம் ஓட்டை. மத்த சாமானுக்குப் பரவிடக்கூடாதுன்னு நானே கொளுத்திட்டேன்" என்று ஒரு தகர டப்பாவை நீட்டினான். உள்ளே சாம்பல் என்றான். மூக்கர்தான் அவனைத் தேற்றினார். "விடு மாப்ள, புகையாப் போகவேண்டியதுதானே, கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு" என்றார். அன்று அவனுக்கு ஆறுதலாகச் சினிமாவுக்குக்கூட அழைத்துப் போனார். சாம்பலைப் பார்த்தே இலையின் ஊரைச் சொல்லக்கூடியவர், அந்த டப்பாவை மட்டும் திறந்து பார்க்கவில்லை. துக்கம் சொல்ல வந்தவனிடம் பிணத்தைக் காட்டு என்று யார் கேட்பார்?

வேறு யாரோ ஒருவரும் இருபத்து நான்கு சுருட்டு வைத்திருக்கலாம். அவரும் ஆப்பிள் வைத்த முட்டாளாக இருக்கலாம். உலகத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமா என்ன? மூக்கர் அந்த இன்னொரு முட்டாளை மனதுக்குள் மிகப் பிரியமாகக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். முன்பக்கத்தில் சிறிய பித்தளைப் பூட்டு. நான்கு திருகாணிகள். நான்கின் தலைக்கீறலும் நேர்செங்குத்தாக, ஒரே வரிசையில் நின்றன.

பூட்டுப் போடுபவர்கள் திருகாணியை இறுகும்வரை திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கீறல் எந்தப் பக்கம் நின்றால் என்ன? ஆனால் அவருக்குத் தெரிந்த ஒருவனுக்கு அது பொறுக்காது. "கீறல் நாலும் நேரா நிக்கலைன்னா அது பூட்டு இல்ல அத்தான், ஒட்டு" என்று முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னவன். வளையத்தைக் கழற்றியிருக்கிறான். பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கிறான். புதுப் பெட்டிக்கு ஒரு மட்டமான பூட்டைப் போட மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை.

மூக்கர் பாதிச் சுருட்டை அணைத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தார். பலியின் மிச்சம் மதிப்பீட்டாளருக்கு என்பது கூடத்து வழக்கம்.

அன்று மாலை குளித்து முடித்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தகர டப்பாவை இறக்கினார். பதினோரு ஆண்டுகளாக அதை அவர் தூக்கிப் போடவில்லை. மூடியை நெம்பினார். கறுப்புச் சருகுகள். ஒன்றைச் சுட்டுவிரலில் ஒற்றி விளக்கில் பிடித்தபோது, தீயிலும் அழியாத இரண்டு எழுத்தும் பாதி விளம்பரமும் தெரிந்தன. செய்தித்தாள். குறைந்தபட்சம் ஒரு மலிவு பீடிக் கட்டையாவது எரித்திருக்கலாம். அவ்வளவு சிரமம்கூட அவருக்காக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவரை மிகவும் சுட்டது.

பிறகு இன்னொன்றும் புரிந்தது. வளையம் இல்லாத அந்தச் சரக்கை இன்னதென்று சொல்ல ஊரில் ஒரே ஒரு மூக்குதான் இருக்கிறது. அந்த மூக்கு ஓய்வு பெறப் போகிறது. அதற்குள் அட்டை வாங்கிவிட வேண்டுமென்றுதான் பெட்டி இப்போது வந்திருக்கிறது. அதாவது, ஆலையையும் ஆண்டையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு அத்தான் கெட்டிக்காரர், தன் வீட்டு ஆப்பிளைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அல்ல என்று ஒருவன் அளந்து வைத்திருக்கிறான். திருட்டைக்கூட மன்னித்துவிடலாம், இந்த அளவை மன்னிப்பது கஷ்டம்.

உள்ளதை எழுதினால் திருடியவனுக்குத் தானே கையெழுத்துப் போட்டு மாலை போட்டதாக ஆகும். வேறு ஏதாவது எழுதினால், வாழ்நாளில் அவருக்கென்று இருக்கும் ஒரே சொத்தான அந்த மூக்கு பொய் சொன்னதாகும். பாதிப் பெட்டி என்னுடையது என்று கேட்கலாம். கேட்டால் மனைவிக்குத் தெரிய வேண்டும். தாய் இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அடுக்களையில் அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுக்குப் பிடித்ததைச் செய்ய இப்போதே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் அம்மாளின் மேசையில் அவர் வைத்த அட்டை வெறுமையாக இருந்தது.

"சார், இது காலியா இருக்கு."

"சளி மேடம். மூக்கு அடைச்சுக்கிச்சு."

"உங்களுக்கா?"

"மூக்குன்னு இருந்தா சளியும் வரும்தானே."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு ஊகமாவது சொல்லுங்க. விக்கிற ஆளு தரகர்கிட்ட ரெண்டு தடவை விசாரிச்சுட்டாரு."

"ஊகத்தை அட்டையில எழுதறதில்ல. திருப்பி அனுப்பிடுங்க."

வாழ்க்கையில் மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்த ஒன்றை அவர் அப்படித்தான் எழுதாமல் விட்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது, அவருக்கே வியப்பாக, மனதில் ஒரு சிறு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை என்றோ யாரிடமோ விற்றிருக்கலாம். ஏதோ ஒரு கஷ்டத்தில் செய்திருப்பான், வெட்கத்தில் பொய் சொல்லியிருப்பான். பூட்டுப் போட்டுக் கொடுத்தது மட்டும் அவன், விற்க வந்தது வேறு யாரோ. சளி என்று அவர் சொன்னது மேலாளர் அம்மாளிடம் மட்டும். அது தரகருக்குப் போகும். தரகரிடமிருந்து விற்பவருக்குப் போகும். வேறு யாருக்கும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் வழக்கம்போல் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கையில் ஒரு காகிதப் பை.

"என்ன அத்தான், இப்போ எப்படி இருக்கு?" என்று பையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். "ராத்திரி ஒரு மூடி, காலையில ஒரு மூடி. ரெண்டே நாள்ல மூக்கு திறந்துடும்."

மனைவி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். "யாருக்குடா மூக்கு?"

"அத்தானுக்குத்தான்க்கா. சளின்னாங்களே."

"இவருக்கா? ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாம எப்பப் பிடிச்சுது?"

மூக்கர் புட்டியை எடுத்து, சீட்டிலிருந்த சிறிய எழுத்தைப் படிப்பதுபோல் பார்த்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறு நம்பிக்கை சத்தமில்லாமல் உதிர்ந்தது.

"யார் சொன்னா மாப்ள?"

"கடையில... யாரோ பேசிக்கிட்டாங்க அத்தான்."

"பூட்டு வாங்க வந்தவங்களா?"

மைத்துனன் தலையாட்டினான். "ஆமா அத்தான்."

"பூட்டு வாங்க வந்து என் மூக்கைப் பத்திப் பேசினாங்க."

"ஆமா அத்தான்." காலிப் பையை மடித்தபடி, "நீங்க ரிடையர் ஆகறதுக்குள்ள சரியாயிடும்ல?" என்றான்.

"ஏன், அதுக்குள்ள என்ன அவசரம்?"

"இல்ல, சும்மா. உடம்புக்குச் சொன்னேன்."

மனைவி உள்ளே போனாள். மூக்கர் எழுந்து அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்துவந்து மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "திற" என்றார்.

பழக்கப்பட்ட விரல்கள். எந்த மூடியையும் ஒரே நெம்பலில் திறப்பவை. இதற்கு மட்டும் மூன்று முறை தேவைப்பட்டது. செய்தித்தாள் கரியின் மேல் பாதி எரிந்த ஒரு சுருட்டு கிடந்தது, இலை தலைகீழாகச் சுற்றியது.

"ஓய்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றார் மூக்கர், குரலை உயர்த்தாமல். "பரவாயில்ல, பத்த வை. ரெண்டு பேரும் சேர்ந்து பிடிக்கிறதுன்னுதானே பேச்சு. என் பாதியை நான் வியாழக்கிழமையே பிடிச்சுட்டேன். ஆப்பிள் இன்னும் அப்படியே இருக்கு."

மைத்துனன் டப்பாவைப் பார்த்தான். அக்காள் நிற்கும் பக்கம் பார்த்தான். வாயைத் திறந்தான். முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவன் தலை ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை.

"என்னடா ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று மனைவி தட்டுகளோடு வந்தாள். "அது என்ன டப்பா?"

மைத்துனன் அத்தானைப் பார்த்த பார்வையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. அதை மூக்கர் நன்றாகப் படித்தார். முகர மட்டுமே தெரிந்தவர் என்று யார் சொன்னது? மூடியை எடுத்து மெதுவாக டப்பாவின் மேல் வைத்து அழுத்தினார்.

"அடுப்பைப் போய்ப் பாரு" என்றார் மனைவியிடம். "பால் தீயுது."