முருங்கை மரத்தில் கட்டிய மைக்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஹில்டா ஆராய்ச்சி என்று சொல்வாள். கேட்டவர் அவளுடைய பருத்திச் சேலையையும், தோளில் தொங்கும் பெரிய பையையும், பேருந்தில் நசுங்கிய குடையையும் ஒருமுறை பார்ப்பார். பிறகு அவளே, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டுவருகிற வேலை என்று விளக்கிவிடுவாள்.

இரும்புலியூரில் பிறந்து, தபால் வழியில் பட்டம் படித்து, எட்மண்டைக் கல்யாணம் செய்துகொண்டு தாம்பரத்திலேயே தங்கிவிட்டவள். சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு ஒன்றுக்கு ஆள் வேண்டும் என்று மாதா கோயிலில் யாரோ சொல்லப் போய்ச் சேர்ந்தாள். அது முடிவதற்குள் இன்னொருவர் கூப்பிட்டார். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் எந்தக் கூண்டின் முன்னால் குழந்தைகள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று ஒரு கோடை முழுக்கப் பார்த்திருக்கிறாள். கல்யாண மண்டபங்களில் இலையில் மிச்சமாகும் சாப்பாட்டை எடை போட்டிருக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு மாமியார் சொல்லும் பத்தியத்தையும் நர்ஸ் சொல்லும் பத்தியத்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். எதுவும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் நிலைத்ததில்லை. முடிவில் அந்த ஆராய்ச்சி என்ன கண்டுபிடித்தது என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

எட்மண்ட் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் செருப்புக்குத் தோல் வெட்டுகிறவன். காலையில் சைக்கிளை எடுக்கும்போது, "இன்னிக்கு இன்னா, மனுசனா மிருகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவான்.

அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்த மூன்று வேலையும் சத்தத்தைப் பற்றியவையாக அமைந்தன. டாக்டர் சாமுண்டீஸ்வரி வயதானவர்களின் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேஷவ் என்ற மாணவன் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் எந்தெந்தத் தவளை மிச்சமிருக்கிறது என்று அவற்றின் குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தான். விஷ்ணுப்ரியா என்ற பெண் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூவி விற்பவர்கள் எப்படிக் கூவுகிறார்கள் என்பதில் இறங்கியிருந்தாள். டாக்டருக்குச் சோதனை நடக்கும் அறையில் மின்விசிறிகூடச் சுற்றக் கூடாது. கேஷவுக்குத் தவளை வேண்டும், ஆட்டோ ஹார்ன் வேண்டாம். விஷ்ணுப்ரியாவோ ஹார்னும் கூட்டமும் இல்லாத கூவலில் உயிரே இல்லை என்பாள். ஒருவர் வெட்டி எறிவது இன்னொருவருக்குத் தேவையாக இருந்தது. மூன்றையும் ஒரே டேப்லெட்டில் போட்டுக்கொண்டு ஹில்டா அலைந்தாள்.

டாக்டர் ஒன்றைமட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். சோதனை செய்வதோடு ஹில்டாவின் வேலை முடிந்துவிடும். காது எப்படி இருக்கிறது என்று அவள் வாயைத் திறக்கக் கூடாது, அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

பள்ளிக்கரணையில் சாம்பசிவனின் வீட்டுக்கு அவள் முதலில் போனது காதுச் சோதனைக்காகத்தான். அவர் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பியில் கரகரப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காதாலேயே பிடித்தவன் நான், எனக்கா சோதனை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மனைவி ரமாதான் வாசல்வரை வந்து, தண்ணீர் கொடுத்து, வேறு ஏதாவது உதவி வேண்டுமானால் கேள் என்றாள். ஹில்டா தவளை விஷயத்தைச் சொல்லி, சத்தத்தைப் பதிவு செய்யும் கருவியைக் கட்ட இடம் வேண்டும் என்றாள். கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறது, அதில் கட்டிக்கொள் என்றாள் ரமா.

மரத்தில் கருவியைக் கட்டும்போது சாம்பசிவன் பின்கட்டில் நின்று சிரித்தார். "இல்லாத தவளைக்கு மைக்காம்மா? நாங்க குடிவந்த புதுசுல ஐப்பசி கார்த்திகைன்னா ஆத்துக்குள்ள பேச முடியாது. அத்தனை சத்தம். எல்லாம் போயிடுத்து. சுத்தி ஃபிளாட் வந்துது, சதுப்பு செத்துது. நாலு வருஷமா ஒரு சத்தம் கிடையாது."

அதற்கு ரமா ஏதோ சொன்னாள். அவர் அதற்குள் உள்ளே திரும்பியிருந்தார்.

பாட்டரி மாற்ற ஹில்டா வாரம் ஒருமுறை வர வேண்டியிருந்தது. முருங்கை மரத்தடியில் அவளும் ரமாவும் பேசிக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகன் ஷ்யாம்சுந்தரிடம் போய்விடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று ஒரு நாள் ரமா சொன்னாள். செத்துப்போன ஊரில் என்ன இருக்கிறது என்கிறாராம். தரகர் வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரமாவுக்குப் போக விருப்பமில்லை. இந்தத் தெருவில் அவளுக்கு மனிதர்கள் இருந்தார்கள், பிரதோஷத்துக்குப் போகக் கோயில் இருந்தது, பெங்களூர் ஃபிளாட்டில் பதினோராவது மாடியில் ஒரு ஜன்னல் இருந்தது. அதை அவரிடம் சொன்னீர்களா மாமி என்று ஹில்டா கேட்டாள்.

ரமா சற்று நேரம் முருங்கைப் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சொன்னேன். அவர் காதுல விழலை. திரும்பக் கத்திச் சொன்னா சண்டை போடற மாதிரி இருக்கு. நாப்பது வருஷமா சண்டை போடாம இருந்துட்டு இப்போ எதுக்குன்னு விட்டுட்டேன். இப்பல்லாம் சாப்பிட வாங்கோ, மாத்திரை போட்டுக்கோங்கோ, அவ்வளவுதான் பேச்சு."

ஹில்டா பாட்டரியை மாற்றினாள். இதை எழுதிக்கொள்ள மூன்று ஆராய்ச்சியிலும் இடம் இல்லை.

கார்த்திகையில் நல்ல மழை பிடித்தது. மழை விட்ட ஒரு மத்தியானம் அவள் போனபோது சாம்பசிவன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தரகர் நான்கு மணிக்கு முன்பணத்தோடு வருகிறாராம். மனிதர் உற்சாகமாக இருந்தார். கிளம்புவதற்கு முன் உன் மெஷினில் மார்க் வாங்கிவிட்டுப் போகிறேன், எடு வெளியே என்றார். ரமா காபி போடச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஹில்டா மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். ஹெட்போனை அவர் காதில் பொருத்தி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் சார் என்று சைகையோடு சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் டேப்லெட்டில் பொத்தானை அழுத்தினாள்.

கை எழவில்லை. இந்தச் சோதனையில் அது புதிதல்ல. மெல்லிய ஒலியில் தொடங்கிப் போகப் போகத்தான் கூடும். கேட்காதவர்கள் இப்படித்தான் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்காவது பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஹில்டா சுவரில் மாட்டியிருந்த பழைய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பசிவனின் முகம் மெதுவாக இறுகியது.

"ஒண்ணும் வரலையே. மெஷின் ரிப்பேரா?"

காபியோடு வந்த ரமா அவர் பக்கத்தில் நின்றாள். தம்ளரை வைத்துவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் விலக்கித் தன் காதில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "இதென்ன, நம்ம தவளைன்னா இது."

ஹில்டா குனிந்து பார்த்தாள். பேருந்தில் வரும்போது கேஷவின் பதிவைக் கேட்டுக்கொண்டே வந்தவள் அதை மூடவில்லை. காதுச் சோதனையைத் திறந்ததாக நினைத்து, பாதியில் நிறுத்தியிருந்த தவளையைத்தான் ஓடவிட்டிருக்கிறாள். கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் சின்னத் தவளைகள், மழை விட்டதும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து இரைகிற மெல்லிய, கூரான சத்தம். டேப்லெட்டில் ஒலி முழு அளவில் இருந்தது. அவசரமாக அதை நிறுத்தி, தப்பு என்னுடையது சார், இது வேறு ஆராய்ச்சி என்றாள்.

சாம்பசிவன் அவளைப் பார்க்கவில்லை, ரமாவைப் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு அதைக் கழற்றி மனைவியின் காதில் மாட்டி, கேட்கிறதா என்று கண்ணால் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். எந்தக் காட்டில் எடுத்ததோ என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"நீ சொல்லும்மா" என்று ஹில்டாவிடம் திரும்பினார். "என் காது போயிடுத்தா?"

டாக்டரின் குரல் ஹில்டாவின் நினைவுக்கு வந்தது. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "காதைப் பத்தி டாக்டர்தான் சொல்லணும் சார். தவளையைப் பத்திக் கேட்டீங்கன்னா நான் சொல்லலாம். இது போன வாரம் உங்க முருங்கை மரத்துல எடுத்தது. இந்தத் தெருவுலயே உங்க கொல்லைலதான் ஜாஸ்தி."

சாம்பசிவன் கொல்லைப் பக்கம் பார்த்தார். சாத்திய ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை.

"அதெல்லாம் போயிடுத்துன்னுதானே கிளம்பலாம்னேன்" என்றார். "நீயும் சரின்னுட்டே."

"நான் சரின்னு சொல்லலை."

"வேண்டாம்னும் சொல்லலையே ரமா."

"சொன்னேன்னா."

அதை அவள் எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துகொள்ள ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவருடைய கை தானாகவே எழுந்தது. ஹில்டா சொல்லிக்கொடுத்திருந்தபடி, கேட்டதற்கு அடையாளமாக எழுந்த கை அது. அப்படியே ரமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தரம் சொல்லு. கத்த வேண்டாம். கிட்ட வந்து சொல்லு."

ரமா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். பாதிக்கு மேல் அழுகிறாளோ என்று இருந்தது. ஹில்டா டேப்லெட்டைப் பார்த்தபடி தலையைக் குனிந்திருந்தாள். அந்த அறையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும், இருந்தும் ரமா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை.

வாசல் மணி அடித்தது. குருவி கத்துவதுபோல் கீச்சென்று அடிக்கிற மணி. ரமா நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள், ஹில்டாவும் பார்த்தாள். இருவரையும் பார்த்த பிறகுதான் சாம்பசிவனுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அது அவருக்கு எப்படி இருந்ததோ, வேட்டியை இறுக்கிக்கொண்டு அவரே எழுந்து போனார்.

அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். "விக்கறதா இல்லை சார், மன்னிச்சுக்கோங்கோ" என்றார். தரகர் காரணம் கேட்டிருக்க வேண்டும். "இங்க ஒரு ஆராய்ச்சி நடந்துண்டிருக்கு. பாதில விட முடியாது" என்று பதில் வந்தது. ரமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து, இப்போது உன் சோதனையைச் சரியாகச் செய் என்றார். ஹில்டா செய்தாள். கை சில தடவை எழுந்தது, பல தடவை எழவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்த தவறை அன்று மாலையே டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டாள். இரண்டு வேலையையும் ஒரே கருவியில் வைத்திருந்ததற்குத் திட்டு விழுந்தது. அது முடிந்ததும், அவரை அடுத்த வாரமே அனுப்பிவையுங்கள் என்றார் டாக்டர். கேஷவோ நடந்ததைக் கேட்டுவிட்டு, அந்தத் தெருவில் இத்தனை சின்னத் தவளை இருக்கும் என்று நானே நம்பவில்லை அக்கா என்றான்.

வீட்டில் எட்மண்ட் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஹில்டா சமையலறையில் அரிசி களைந்தபடி, திரும்பாமல், தாழ்ந்த குரலில் அவன் பெயரைச் சொன்னாள்.

"இன்னா?" என்றான் அவன் வாசலிலிருந்து.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு கூப்புட்ற? காது நல்லாத்தான் கீது. வேணும்னா கிட்ட வந்து பாரு."

பங்குனியில் கேஷவின் வேலை முடிந்தது. கருவியைக் கழற்ற ஹில்டா கடைசியாகப் பள்ளிக்கரணைக்குப் போனாள். சதுப்பு காய்ந்து விளிம்பெல்லாம் வெடித்திருந்தது. சாம்பசிவனின் இரண்டு காதிலும் தோல் நிறத்தில் சிறிய கருவி இருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட குறை. குக்கர் விசில் மண்டையைப் பிளக்கிறதாம், செய்தித்தாளைத் திருப்பினால் இடி இடிக்கிறதாம், ரமா வேலை செய்துகொண்டே தனக்குள் இத்தனை முணுமுணுப்பாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

"மைக்கை விட்டுட்டுப் போயேன்" என்று கேட்டுப் பார்த்தார். "ஐப்பசி வரைக்கும் இருக்கட்டும்."

கருவி கல்லூரியுடையது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஹில்டா சொன்னாள். மழைக்குக் காத்திருக்க உங்களுக்கு மைக் எதற்கு சார் என்றும் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளாமல் கூடத்துக்குப் போய்விட்டார்.

அவள் முருங்கை மரத்தில் ஏணியை வைத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "ரமா, தவளை. கேக்கறதா? வந்துடுத்து பார்."

பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரமா தலையை நிமிர்த்தவில்லை. "அது தவளை இல்லைன்னா. பக்கத்து ஆத்துல மிக்ஸி ஓடறது."

அவள் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் பேசுகிற குரல்தான்.

"ஓ" என்றார் அவர், கூடத்திலிருந்து.

ரமாவின் கை கீரையின்மேல் அப்படியே நின்றது. பிறகு அடுத்த தண்டை எடுத்தாள். ஹில்டா ஏணியில் நின்றபடியே கயிற்றைச் சுருட்டினாள், கொஞ்சம் மெதுவாகவே.