இரண்டு சட்டி உப்புத்தண்ணீர்

ஏப்ரல் பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. சித்திரைப் புத்தாண்டு முடிந்து, பாடசாலை விடுமுறை இன்னும் முடியவில்லை. எனக்கு ஒன்பது வயது. காலை ஆறரைக்குப் பல் துலக்கி, ஏழுக்குத் தேநீர் குடித்து, ஏழேகாலுக்கு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பெரியப்பாவின் பேக்கரிக்குப் போனேன். விடுமுறையில் என் ஒழுங்கு அதுதான்.

பேக்கரி கிளிநொச்சியில், பெரிய வீதியிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் இருந்தது. பாண் வேகும் செங்கல் அடுப்பைப் போறணை என்போம். அதில் வேலை செய்தவரை நான் போறணை மாமா என்று கூப்பிட்டேன். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அவரும் மனைவியும் பேக்கரியின் பின்னறையில் பதினொரு வருடமாகக் குடியிருந்தார்கள். பலகையில் ஒட்டிய மாவைச் சுரண்டி, பால்மா ரின் ஒன்றில் இட்டு, எனக்கென்று தினமும் ஒரு குட்டிப் பாண் சுட்டுத் தருவார். அதை நான் யாருக்கும் பிய்த்துக் கொடுத்ததில்லை.

பெரியப்பாவுக்கு அறுபத்துநாலு வயது, கண் மங்கிவிட்டது. பேக்கரியை மூடி, வளவை விற்று, வவுனியாவில் மகளோடு போய் இருப்பதென்று தை மாதமே முடிவாயிற்று. ஆனால் அவர் தனக்குத்தானே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: தன்னிடம் வேலை செய்த மூன்று பேருக்கும் வேறு இடம் கிடைக்கும்வரை போறணை அணையாது. சைக்கிளில் பாண் விற்ற இருவரில் ஒருவர் கூட்டுறவுக் கடைக்குப் போனார். மற்றவர் அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் விற்கத் தொடங்கினார். மிஞ்சியவர் போறணை மாமா. அவர் ஒருவருக்காகத் தினமும் கொஞ்ச மாவைப் பிசையச் செய்து, விற்க ஆளில்லாத பாணைப் பெரியப்பா அயலவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவோ அலுமாரியைக் காலிசெய்து பெட்டி கட்டி ஒரு மாதமாகிவிட்டது. சேலை மாற்றுவதற்காக அதே பெட்டியைத் தினமும் அவிழ்த்துக் கட்டினார்.

"வேலை செய்தவைக்கு நீங்கள் என்ன தகப்பனோ?" என்று கேட்பார்.

"தகப்பனெண்டால் விட்டிட்டுப் போகலாம். பிள்ளையள் கோவிச்சாலும் பிறகு வருங்கள். இது அப்பிடியில்லை" என்பார் பெரியப்பா.

கடைசியில் புளியங்குளத்தில் ஒரு பேக்கரிக்காரருக்கு ஆள் தேவைப்பட்டது. குடும்பத்தோடு இருக்க அறையும் உண்டு. ஆனால் வேலைக்குச் சொல்லுமுன் மாமாவின் பாணைத் தின்று பார்க்க வேண்டும் என்றார். அவர் வருவதாகச் சொன்ன நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. மாமாவின் மனைவி சட்டிபானைகளை முதல்நாளே சாக்கில் கட்டிவிட்டார். "அங்க கெணறு வாசல்லயேதானாம் பாப்பா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனையிறவு உப்பளத்து உப்பு அப்போது மண்ணோடு வரும். முதல்நாளே கரைத்து, மண்ணை அடியில் தங்கவிட்டு, மறுநாள் சீலையால் வடித்துத்தான் மாவில் சேர்ப்பார்கள். அதனால் மேசையில் எப்போதும் இரண்டு சட்டிகள் மூடியபடி இருக்கும். இடப்பக்கச் சட்டியில் வடித்தெடுத்த இன்றைய தண்ணீர். வலப்பக்கத்தில் நாளைக்கு உரியது. ஒன்பது மணிக்குச் சற்றுப் பிந்தி மாமா விறகு எடுக்கப் போனார். நான் வலப்பக்கச் சட்டித் தண்ணீரை, அடிமண் கலங்காமல், இடப்பக்கச் சட்டிக்குள் ஊற்றினேன். பிறகு இரண்டையும் முன்போலவே மூடி வைத்தேன். பாண் பிழைத்தால் மாமா போகமாட்டார். மாமா போகாவிட்டால் போறணை அணையாது. கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது.

மற்ற நாளாக இருந்தால் மாமா சட்டியின் பாரத்திலேயே கண்டுபிடித்திருப்பார். அன்று வாசலைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார்.

வந்தவர் ஒரு மணி பஸ்ஸில் இறங்கினார். பாண் சரியாகப் பொங்கவில்லை. அவர் சூட்டோடு பிய்த்து வாயில் வைத்தார். மென்றது பாதியில் நின்றது.

"அண்ணை, ஆனையிறவு முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு."

பெரியப்பாவும் தின்று பார்த்தார். "இது இவற்ற பாண் இல்லை. பதினொரு வரியமா நான் சாப்பிடுறன்."

"நான் இண்டைக்குத்தானே சாப்பிடுறன்."

"நாளைக்கு ஒருக்கா வாங்கோவன்."

"நாளைக்கு வேற ஒராள் வாறார். குறை நினைக்காதேங்கோ."

மாமா இரண்டு கைகளையும் இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "என் கை தப்புங்க மொதலாளி. ஏதோ யோசனையில ரெண்டு தடவ ஊத்திட்டேன் போல."

அன்று பின்னேரம் அவர் மனைவி சாக்கை அவிழ்த்து உலைப்பானையை வெளியே எடுத்தார். நான் என் குட்டிப் பாணை முழுவதும் தின்று, மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த இடம் கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அது உடையார்கட்டில் ஒரு பேக்கரி, மாச்சாக்குகளுக்கு நடுவே ஒருவர் படுக்கத்தான் இடம். மாமா தனியே போனார். மனைவி தன் தமையன் வீட்டுக்குப் போனார். அதன் பிறகுதான் பெரியப்பா போறணையை அணையவிட்டார். அவருடைய கண் சத்திரசிகிச்சையும் அதுவரை தள்ளிப்போயிருந்தது. அந்த நாலு மாதமும் குட்டிப் பாண் ஒருநாளும் தவறவில்லை. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வேறெந்தப் பேக்கரியைக் கடக்கும்போதும் நான் இன்னும் நின்றுவிடுகிறேன். ஏங்குவது அந்தப் பாணுக்கா, அந்த மனிதருக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமையும் ஏழேகாலுக்குப் போனேன். மாமா வலப்பக்கச் சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் இல்லை. அடியில் மண்ணும் ஓரத்தில் வெள்ளையாக உப்பும் படிந்திருந்தன. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒழுங்கையைப் பார்த்தேன். அவர் சட்டியைக் கழுவி, சுடுதண்ணீரில் புது உப்பைக் கரைத்து, சீலையால் இரண்டு தரம் வடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கைய நீட்டு பாப்பா."

உள்ளங்கையில் நாலு துளி விட்டார். நக்கினேன்.

"சரியா இருக்கா?"

"ஓம், சரி."

அதன் பிறகுதான் மாவில் ஊற்றினார். பெரிய ஆட்களின் வேலையொன்றை என்னை நம்பித் தந்துவிட்டார் என்று, அம்மாவிடம் சொல்ல நான் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடினேன்.