கரை ஏறாத விரால்

மீன் இலாகா ஆபீசில் அருணகிரியோடு ஒரே அறையில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். 1968-இல் அவர் தயாரித்த மீன் பட்டியலை நான்கு முறை டைப் அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

பொன்னேரியிலிருந்து எளாவூர் வரை ஏரி மீன்களின் பெயர்களைத் தொகுக்க வேண்டும். பட்டியலின் ஒரு கட்டத்தில் பெயர், பக்கத்துக் கட்டத்தில் அதன் பொருள். பட்டியல் தேறினால், ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்த மனுஷனுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விரால் ஒன்றே எங்கள் உயிரை எடுத்தது. ஏரிக்கரையில் விரால். எளாவூர் செக்போஸ்டில் நிற்கும் தெலுங்கு லாரிக்காரர்களுக்குக் கொரமீனு. சந்தையில் உருது பேசும் பாய்க்கு மரல். மேலதிகாரியின் இங்கிலீஷில் மர்ரல். பொருள் கேட்டால் எவனுக்கும் தெரியாது. "கொயம்பு வெச்சித் தின்னு பாரு, தெரியும்" என்றான் ஒரு டிரைவர். "பொருள் எங்கே?" என்று பட்டியல் திரும்பி வந்தது. மூன்று முறை!

கடைசியில் வலைக்காரர் கலியனிடம் போனோம். அவர் வலை தண்ணீரில் கிடந்தது. அருணகிரி சும்மா இருந்திருக்கலாம். நோட்டை விரித்து, "விரால்னா இன்னாய்யா அர்த்தம்?" என்று உரக்கக் கேட்டார்.

கலியன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ! கரைக்கு வர்றதுக்கு முன்ன பேரைச் சொல்ட்டியே, ஓடிப்பூடும் சார்!"

வலையில் பாசிதான் வந்தது. மறுபடி வீசினார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. கைநீள மீன் ஒன்று கூடைக்குள் விழுந்த பிறகுதான், "விரால்!" என்று கத்தினார் கலியன். "கைக்கு வந்திச்சுன்னு அர்த்தம். எய்திக்க சார்."

"பேஜாரு புடிச்ச மனுஷன்யா" என்று வழியெல்லாம் எரிந்து விழுந்தார் அருணகிரி. பொருள் கட்டத்தில் 'தெரியவில்லை' என்றே அடிக்கச் சொன்னார். அடித்துத் தொலைத்தேன்.

மார்ச் கடைசியில் மேலிடத்துக் கவர் வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். "அருணகிரி, உனக்கு நிரந்தர..."

பாய்ந்து என் வாயைப் பொத்தினார். "பேரைச் சொல்லாதய்யா! இன்னும் கரைக்கு வர்ல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கவரைப் பிரித்தார். இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"விரால்" என்றார்.